கிணற்றடிக்கு வர வேண்டிய உணரி

அறிவியல் ஆய்வு ஒன்று எப்போது நிறைவு பெறுகிறது? ஆய்விதழில் அச்சேறும் நாளிலா, அதன் பயன் ஊர்க் கிணற்றை எட்டும் நாளிலா? கரியின் ஒற்றை அணுப்படலத்தைக் கொண்டு நீரின் மாசை அளக்கும் புதிய நுட்பத்தையும் திண்டுக்கல் சமவெளியின் பழைய நீர்ச் சிக்கலையும் ஒருசேர வைத்து ஆராய்கிறது இக்கட்டுரை.

1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, திண்டுக்கல் வட்டாரத்துக் கிணறுகளை எண்ணிச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அவ்வழக்கு, தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரைப் பற்றியது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஆகிய ஒன்றியங்களைச் சேர்ந்த 13 சிற்றூர்களில் குடிநீருக்கும் பாசனத்திற்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் மாசுற்றிருந்தன என்று தன்னார்வ அமைப்பொன்று கண்ட கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நான்கு கிணறுகளுக்கு மூன்று என்பது அதன் பொருள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளுள் அது ஒன்று.

மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த குறை ஓர் எண்ணாக மாறியபோதுதான் சட்டத்தின் செவியில் ஏறியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயினும் அந்த எண் ஒரு காலத்து நிழற்படம் போன்றது. நிலத்தடி நீர் நின்ற இடத்தில் நிற்பதில்லை. மழைக்குப் பின் ஒரு முகமும் கோடையில் வேறு முகமும் காட்டும். இன்று காலையில் வாளியை இறக்கும் குடும்பத்திற்குத் தேவைப்படுவது இன்றைய எண். அதனைத் தருகின்ற கருவி அக்குடும்பத்திற்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பாறையும் உப்பும்

திண்டுக்கல் என்னும் பெயரிலேயே கல் இருக்கிறது. மலைக்கோட்டை நிற்கும் குன்றைச் சுற்றிப் பரந்துள்ள சமவெளியும் கடினப் பாறையின்மேல் அமைந்ததே. ஆற்றுப்படுகையின் மணலில் நீர் சீராகப் பரவுவதுபோல் இங்கே பரவுவதில்லை. சிதைந்த பாறையடுக்கிலும் அதன் கீழுள்ள விரிசல்களிலும் தங்கி, கிடைத்த வழியில் ஊர்ந்து செல்கிறது. ஆதலால் ஒரு கிணற்றில் உவர்நீரும் இரண்டு வயல் தள்ளியுள்ள கிணற்றில் நன்னீரும் ஊறுவது இவ்வட்டாரத்தில் வியப்பன்று. ஓர் ஊருக்கு ஒரு குப்பி நீரெடுத்து ஆய்ந்து, அவ்வூரின் நீர் நல்லதென்றோ கெட்டதென்றோ முடிவு சொல்வது இந்நிலத்திற்குப் பொருந்தாது.

இங்குத் தோல் பதனிடும் தொழில் பழையது. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட காலம் ஒன்றிருந்தது. 1970களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், விரைவாகப் பதனிட உதவும் குரோமியம் சல்ஃபேட்டு முறை தமிழ்நாடெங்கும் பரவலாயிற்று. கெடாதிருப்பதற்காகத் தோல்மீது பூசப்பட்டு வரும் உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பு, பின்னர்க் குரோமியம் என ஒவ்வொரு படியும் தன் எச்சத்தை நீரில் விட்டுச் சென்றது. நகரையொட்டிய பேகம்பூர்ப் பகுதியும் பொன்னிமாந்துறை முதலிய ஊர்களும் இவ்வகையில் அடிக்கடி பேசப்பட்டவை. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பின்னர் வந்தது. ஆனால், கழிவிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர் முறையால் கரைந்த உப்பை அகற்ற இயலாது. மண்ணுக்குள் முன்பே இறங்கிவிட்டதை எந்த நிலையத்தாலும் திரும்ப அழைக்கவும் இயலாது.

உப்பை நாக்கு அறியும். குரோமியத்தை நாக்கு அறியாது. பதனிடப் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, நச்சுத்தன்மை குறைந்தது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு போன்ற பொருள்களோடு சேரும்போது அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்டதாக மாறக்கூடும். அந்த வடிவத்தையே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்தியுள்ளது. இந்தியக் குடிநீர்த் தர அளவின்படி ஒரு லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் இந்த எண்ணின் கடுமை விளங்கும்.

இதனை அளக்க ஆய்வகங்கள் இல்லாமலில்லை. அணு உட்கவர் நிறமாலைமானி மிக நுண்ணிய அளவையும் காட்டும். எனினும் அது சொல்வது மொத்தக் குரோமியத்தையே. எந்த இணைதிறன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மேலும், ஆறு இணைதிறன் குரோமியம் குப்பிக்குள் இருக்கும்போதே மூன்றாக ஒடுங்கிவிடக்கூடும் என்பதால் மாதிரியை 24 மணி நேரத்திற்குள் ஆய்ந்துவிடுவது முறை. சிற்றூரில் எடுத்த நீர் நகரம் சென்று, வரிசையில் காத்திருந்து, தாளில் எண்ணாகித் திரும்புவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுவது எளிது. கருவி நீரிடம் வர வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் தேவையில்லை.

ஒற்றைப் படலம்

மின்வேதியியல் உணரி என்பது பலர் இல்லங்களில் ஏற்கெனவே இருக்கும் பொருள்தான். நீரிழிவு நோயர் விரல்நுனிக் குருதியை ஒரு பட்டையில் தொட்டு வைத்துச் சருக்கரையின் அளவைப் பார்க்கிறாரே, அப்பட்டை ஒரு மின்வேதியியல் உணரியே. கரைசலிலுள்ள பொருள் மின்முனையிடம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது அல்லது பெறுகிறது. அப்போது பாயும் மின்னோட்டத்தை அளந்தால் பொருளின் செறிவு தெரிந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் அமிலக் கரைசலில் மூன்று எலக்ட்ரான்களைப் பெற்று மூன்று இணைதிறன் குரோமியமாக ஒடுங்குகிறது. அந்த மின்னழுத்தத்தில் மூன்று இணைதிறன் குரோமியம் வாளாவிருக்கும். ஆகவே பெரிய நிறமாலைமானி பிரித்தறியாததை இச்சிறு பட்டை பிரித்தறிகிறது.

நீரிலுள்ள உலோகங்களை மின்னால் அளக்கும் கலையைச் செக் நாட்டு அறிஞர் யாரோசுலாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922 இல் தொடங்கிவைத்தார். 1959 இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவர் பயன்படுத்தியது துளித்துளியாக விழும் பாதரச மின்முனை. நஞ்சை அளப்பதற்கு இன்னொரு நஞ்சைக் கையிலெடுக்கும் அந்நிலை நெடுங்காலம் நீடித்தது. கரி மின்முனைகளின் வருகை அதனை மெல்ல மாற்றியது. 2004 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும், பென்சிலில் உள்ள அதே கிராஃபைட்டிலிருந்து, ஒட்டும் நாடாவைக் கொண்டு ஓர் அணு மட்டுமே தடித்த படலத்தை உரித்தெடுத்தனர். 2010 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. அப்படலமே கிராஃபீன். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் ஏறத்தாழ 30 இலட்சம் படலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கிராம் கிராஃபீனை முழுவதும் விரித்தால் அதன் பரப்பு 2,600 சதுர மீட்டரைத் தாண்டும். உழவர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 65 சென்ட் நிலம். எதிர்வினை நிகழ்வதற்கான பரப்பு இத்துணை மலிவாகக் கிடைக்கும் பொருள் வேறு அரிது.

ஆனால் இந்தப் படலத்திற்கு ஒரு குறை உண்டு. மாசற்ற கிராஃபீனின் நடுப்பரப்பு எதனோடும் எளிதில் உறவாடாது. நீர் அதன்மேல் நன்கு பரவாது. எலக்ட்ரான் பரிமாற்றம் விரைந்து நிகழ்வது அதன் விளிம்புகளிலும் குறைபாடுள்ள இடங்களிலுமே. அச்சிட்டுச் செய்யும் மின்முனையிலோ நிலைமை இன்னும் கடினம். கரித்துகள்களை ஒட்டவைக்கும் பசை அவற்றின்மேலேயே போர்த்திக்கொண்டு மின்னைத் தடுக்கிறது. முழுமை குலைந்த இடத்தில்தான் பயன் பிறக்கிறது என்பது இயற்கையின் விளையாட்டுப் போலும்.

ஒளிரும் வளி

இக்குறையைத் தீர்க்க வேதியியலார் முதலில் நாடியது ஈரவழியை. ஹம்மர்ஸ் என்பவரும் அவருடைய உடனுழைப்பாளரும் 1958 இல் வெளியிட்ட முறைப்படி, கிராஃபைட்டை அடர் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் இட்டு ஆக்சிஜனேற்றம் செய்வர். கிடைப்பதைப் பன்முறை கழுவ வேண்டும். மீண்டும் ஒடுக்குவதற்கு ஹைட்ரசீன் போன்ற நச்சுப்பொருளைச் சேர்ப்பதும் உண்டு. முடிவில் ஒரு சிட்டிகை கரிக்குப் பக்கத்தில் அமிலமும் மாங்கனீசும் கலந்த கழுவுநீர் பெருமளவில் நிற்கும். நீர்மாசை அளக்கும் கருவியைச் செய்வதற்கு நீரை மாசுபடுத்துவது திண்டுக்கல் போன்ற ஊருக்கு ஏற்ற வழியன்று.

பிளாஸ்மா முறை உலர்வழி. திண்மம், நீர்மம், வளிமம் என்பவற்றுக்கு அப்பால் பருப்பொருளின் நான்காம் நிலையாகக் கூறப்படும் பிளாஸ்மாவுக்கு அப்பெயரைச் சூட்டியவர் இர்விங் லாங்மியூர் என்னும் அமெரிக்க வேதியியலார், ஆண்டு 1928. மின்னலிலும் எரியும் குழல்விளக்கினுள்ளும் இருப்பது அதுவே. மின்முனைப் பட்டைகளை ஒரு மூடிய கலத்தில் வைத்துக் காற்றை வெளியேற்றுகின்றனர். பின்பு ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் ஆகியவற்றுள் ஒன்றை மிகச் சிறிதளவு உள்ளே விட்டு, மாறுமின்புலத்தைச் செலுத்துகின்றனர். பெரும்பாலும் அப்புலம் நொடிக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும். வளிமம் ஒளிரத் தொடங்கும். எலக்ட்ரான்கள் பல்லாயிரம் பாகை வெப்பத்திற்கு ஈடான ஆற்றலோடு பாய்ந்தாலும் வளிமம் ஏறக்குறைய அறைவெப்பத்திலேயே இருக்கும். ஆகவே தாளிலும் நெகிழியிலும் அச்சிட்ட பட்டைகூடக் கருகாது.

அச்சிறு ஒளிக்குள் நிகழ்வது நுட்பமானது. ஆக்சிஜன் பிளாஸ்மா, கரியைப் போர்த்தியுள்ள பசையை அரித்து விளிம்புகளை வெளிக்கொணர்கிறது. அவ்விளிம்புகளில் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகளைப் பொருத்துகிறது. முத்தாக நின்ற நீர்த்துளி தாமரையிலை நீங்கி மண்மேல் விழுந்ததுபோல் பரவிவிடும். நைட்ரஜன் பிளாஸ்மா கரியணுக்கள் சிலவற்றின் இடத்தில் நைட்ரஜன் அணுக்களை அமர்த்துகிறது. பிறகு தங்க நுண்துகள்களை ஏற்றினால் அவை இக்குறைபாட்டு இடங்களைப் பற்றிக்கொண்டு நிலைத்திருக்கும். வேலை முடிவதற்குச் சில நொடிகளோ நிமிடங்களோ போதும், கழுவுநீர் இல்லை. காலம் மிஞ்சினால் ஆக்சிஜன் கரியையே கார்பன் டைஆக்சைடாக்கிக் கொண்டுபோய்விடும். மாங்காய்ப் பூட்டின் நெம்புகோலை அரத்தால் தேய்க்கும் திண்டுக்கல் கைவினைஞர், ஓர் இழுப்புக் கூடினாலும் சாவி பொருந்தாது என்பதை அறிவார். இங்கும் அத்தகைய கணக்கே.

பிளாஸ்மா பட்ட பரப்பின் இயல்பு நிலையானதன்று. திறந்த காற்றில் வைத்தால் நாளடைவில் அதன் நீர்விருப்பம் குறைகிறது. காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் படிந்து மீண்டும் பழைய நிலை நோக்கித் திரும்புகிறது. இதனை ஆய்வாளர் பலர் ஒரு குறையாகவே எழுதுவர். வேறு கோணத்தில் நோக்கினால் அதுவே ஓர் ஊர் வாதத்திற்கு அடிப்படை. தொலைநாட்டில் செய்து கப்பலேற்றிக் கிடங்கில் அடுக்கி வைக்கும் பொருளாக இப்பட்டை இருப்பதைவிட, பயன்படும் இடத்திற்கு அருகில் சிறு சிறு தொகுதிகளாகச் செய்யப்படுவதே தகும்.

எந்த நீரில் வென்றது?

அருகில் செய்யத்தக்க இடங்களும் உள்ளன. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் வழியாகக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால் காரைக்குடி. வள்ளல் அழகப்பர் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்ச ரூபாய் கொடையிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் அங்கு இயங்கிவருகிறது. மறுபுறம், நகரின் தெற்கே சின்னாளபட்டிக்கு அருகில் 1956 இல் தொடங்கப்பெற்ற காந்திகிராமக் கிராமிய நிறுவனம் உள்ளது. சிற்றூருக்கான கல்வி என்பதே அதன் தோற்றக் காரணம். மின்வேதியியல் அறிவும் சிற்றூர்த் தொடர்பும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த வட்டாரம் நாட்டில் எத்தனை இருக்கும்?

இத்துறையில் உலகெங்கும் வெளிவரும் கட்டுரைகளின் போக்கு கவலைக்குரியது. எத்துணைச் சிறிய செறிவை உணரி கண்டறிகிறது என்பதிலேயே போட்டி நிகழ்கிறது. நீரில் எல்லை 0.05 மில்லிகிராம் என்றிருக்கும்போது, அதனினும் ஆயிரம் மடங்கு சிறியதைக் காட்டும் உணரி ஆய்விதழுக்கு அழகு. கிணற்றுக்கு அது இன்றியமையாததன்று. அதே கட்டுரையின் இறுதியில், குழாய்நீரில் தெரிந்த அளவு குரோமியத்தைக் கலந்து அளந்து, விடை சரியாக வந்தது என்று நான்கு வரியில் முடித்துவிடுவது பல ஆய்வுகளில் காணும் வழக்கம். தூய நீரில் வென்ற கருவி உவர்நீரில் தோற்கலாம். குளோரைடு அயனிகள் தங்கத்தின் பரப்பைப் பற்றிக்கொள்ளும். இரும்பும் தாமிரமும் தம் பங்குக்கு எலக்ட்ரானைக் கவரும். கழிவின் கரிமப் பொருள்கள் மின்முனையை மூடும். இவை எல்லாம் ஒருங்கே அமைந்த நீர் வேண்டுமெனில் ஆய்வாளர் அதனைக் குடுவையில் தயாரிக்க வேண்டியதில்லை; கொடகனாற்றுப் படுகையில் ஒரு வாளியை இறக்கினால் போதும். தமிழ்நாட்டில் செய்யப்படும் குரோமிய உணரி எதுவாயினும் முதலில் அந்நீரில் தேர்வெழுத வேண்டும் என்று விதிப்பது மிகையாகாது.

வழியும் இருக்கிறது. அளக்கும் நீரிலேயே அறிந்த அளவு குரோமியத்தைச் சேர்த்து, மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து தொடக்க அளவைக் கணக்கிடலாம். ஒவ்வொரு கிணற்றின் உப்பும் அக்கிணற்றின் அளவுகோலுக்குள்ளேயே அடங்கிவிடும். மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் வரைபடத்தாளில் போடக்கூடிய நேர்கோட்டுக் கணக்குதான் அது.

எதிர்வாதங்களைப் புறந்தள்ளுவது முறையன்று. மலிவான கருவி தவறாகக் காட்டினால் ஊரில் வீண் அச்சம் பரவும். அல்லது வீண் நிம்மதி பரவும். இரண்டாவது முன்னதைவிடத் தீது. தோல் தொழிலை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்கள் இந்நகரில் உள்ளன. சான்றற்ற ஓர் எண் அவர்தம் அடுப்பை அணைத்துவிடக்கூடும். இவ்வச்சம் நியாயமானது. ஆயின் அதற்கு விடை அளக்காதிருப்பதன்று. பட்டை எல்லையைத் தாண்டிய அளவைக் காட்டினால் அந்நீர் உடனே ஆய்வகத்திற்குச் செல்ல வேண்டும்; எல்லைக்குள் காட்டிய கிணறுகளிலும் சிலவற்றின் நீர் அவ்வாறே சரிபார்க்கப்பட வேண்டும்; முடிவு ஆய்வகத்தினுடையது. எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்வதே பட்டையின் பணி. நூற்றுக்கணக்கான கிணறுகளில் எவற்றை ஆய்வகம் நோக்க வேண்டும் என்பதைக் காட்டிவிட்டாலே அது தன் கூலியை ஈட்டிவிடும். மாசில்லாத கிணற்றின் உரிமையாளரும் முறையாக நடக்கும் ஆலை முதலாளியும் அந்த எண்ணால் காக்கப்படுவர் என்பதையும் மறக்கலாகாது.

கருவியை யார் கையில் கொடுப்பது என்பதற்கும் நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ், சிற்றூர்தோறும் பெண்கள் ஐவருக்கு நீர் ஆய்வுப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தரப்படுகிறது. கடினத்தன்மை, குளோரைடு, புளூரைடு, நைட்ரேட்டு போன்றவற்றை நிறமாற்றத்தால் காட்டும் பெட்டி அது. தோல் தொழில் நிகழ்ந்த ஊர்களில் அப்பெட்டியோடு ஒரு கையடக்க மின்னளவியும் ஒரு கற்றைப் பட்டைகளும் சேரலாம். பயிற்சி தமிழில் அமைய வேண்டும். கருவியின் திரையும் தமிழில் பேச வேண்டும். பட்டை எந்நாளில் பிளாஸ்மாவில் பதப்படுத்தப்பட்டது, எந்நாள்வரை நம்பத்தக்கது என்பவை உறையின்மேல் அச்சிடப்பட வேண்டும். பயன்படுத்திய அமிலத் துளிகளையும் பட்டைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். அளந்த எண் ஊராட்சி அலுவலகக் கோப்புக்குள் உறங்காமல், கிணற்றின் பெயரும் நாளும் சேர்த்து ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்னும் வினா எஞ்சுகிறது. ஊராட்சியின் சிறிய வருவாயில் அதனைச் சுமத்துவது அறமாகாது. நீர் கெட்டவர்களே அதை அளக்கவும் காசு கொடுக்க வேண்டும் என்று அது பொருள்பட்டுவிடும். 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குவதோடு சீர்கெட்ட சூழலை மீட்கும் செலவையும் மாசுபடுத்தியவர்மேல் வைத்தது. மீட்சி நிகழ்கிறதா என்று ஆண்டுதோறும் அளந்து பார்ப்பது அம்மீட்சியின் ஒரு பகுதியே. ஆகவே பட்டைகளுக்கும் பயிற்சிக்கும் ஆய்வகச் சரிபார்ப்புக்கும் ஆகும் தொகை, அந்நெறியின்படி தண்டப்படும் நிதியிலிருந்தே வர வேண்டும்.